மதினியின் பொய்க்காய்ச்சல்

எங்க மதினிக்குக் காய்ச்சல் வராது. ஆனால் அடிக்கடி காய்ச்சல் என்று படுத்துவிடுவாள்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தே தலை நரைத்தவள் நான். காய்ச்சல்காரரை அவர் வாசல்படி ஏறுகிற நடையை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னிடமே அவள் நடிப்பாள். ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, ஆர்.எஸ்.மங்கலத்தில் இறங்கி, கண்மாய்க்கரை வழியாக வேர்த்து விறுவிறுத்துப் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தால், உள்ளறையில் மதினி சுருண்டு கிடப்பாள். நெற்றியில் சுக்குப் பற்று, தலையைச் சுற்றி ஈரத்துண்டு, விட்டு விட்டு ஒரு முனகல். கழுத்தடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

"மேலு சில்லுன்னு இருக்கே மதினி."

"இது உள்காய்ச்சல் தாயி. மேல தெரியாது."

தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைப்பேன். வாயை இறுக மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தொண்ணூற்றெட்டு சொச்சத்தைத் தாண்டாது.

"ஒண்ணுமில்ல. எந்திரி."

"அது ரிப்பேரு. போன தடவ வந்தப்ப நீ கீழ போட்டேல்ல?"

நான் எங்கே கீழே போட்டேன்! ஆனாலும் அந்த நேரத்தில் அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படாத ஒரே மனுசி அவள்தான். 'இந்தத் தடவையும் இல்லையா' என்கிற மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அலுப்புத் தட்டி எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள்.

மதினி என் ஒரே அண்ணனின் பெண்சாதி. எழுபத்தைந்தாம் வருச வாக்கில் கல்யாணம். எங்கம்மாவுக்குத் தன் தம்பி மகளை எடுக்க ஆசை. அண்ணன் பிடிவாதமாக, சொந்தம் இல்லாத அசலில், திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பெற்ற அய்யா அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா வைத்ததுதான் வீட்டில் சட்டம். அம்மா அந்தக் கல்யாணத்தை மன்னிக்கவே இல்லை. மன்னிக்காமல் இருப்பதற்குக் காரணமும் சீக்கிரமே கிடைத்தது. கல்யாணம் முடிந்து ஒரு வருசம் ஆகுமுன்னே மதினிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது.

கண் மட்டுமா? நகம், உள்ளங்கால், பாயில் பட்ட வேர்வைகூட மஞ்சள். சோற்றைக் கண்டாலே ஓங்கரிப்பு. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பூர்ப் பக்கம் ஒரு பெரியவர் காமாலைக்குச் சூடு வைப்பார் என்று வண்டி கட்டிக் கூட்டிப்போய், முழங்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டும் வந்தார்கள். மதினி அழவில்லையாம். அழுதது எங்கண்ணன். ஒரு மாதத்தில் மஞ்சள் இறங்கி, மதினி மறுபடி மிளகாய்க் காட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சூட்டுத் தழும்பு மட்டும் புழு ஊர்ந்த தடம் போலக் கையில் கிடந்தது. கண்ணாடி வளையலை மேலே ஏற்றி ஏற்றி அதை மறைத்துக்கொள்வாள்.

அதோடு போயிற்றா? அம்மா அலமாரியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து, அடையாளத்துக்கு விளிம்பில் அரிவாளால் ஒரு வெட்டுப் போட்டு, "இனி இதுலதான் நீ குடிக்கணும்" என்று கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்போம். எச்சில் எங்கே பட்டது? ஆனாலும் மதினிக்குத் தனித் தம்ளர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொன்னாள்:

"பொறந்த வீட்டுச் சீதனமா அண்டா குண்டா கொண்டாருவாக. எம்மருமக காமாலையக் கொண்டாந்திருக்கா. ஒட்டுவாரொட்டி!"

தொட்டாலே தொற்றுகிறவள் என்கிற அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மதினிக்கு முன்னாலேயே சொல்வார்கள். மதினி காதில் விழாத மாதிரி இருப்பாள்.

வேடிக்கையைக் கேளுங்கள். இப்படிப் பேர் வைத்த அதே தெருவில் யாருக்காவது அம்மை போட்டால் முதலில் கூப்பிடுவது இவளைத்தான். "உனக்கென்னத்தா, ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் வந்து பாத்துக்க" என்பார்கள். போவாள். வேப்பிலையால் வருடிக்கொடுத்து, இளநீர் கொடுத்து, பிள்ளைகள் சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்த ஒரு காய்ச்சல் வருசத்தில், இவள் ஒருத்திதான் நாலு வீட்டுக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டு திரிந்தாள். அந்த வருசமும் அவளுக்கு வரவில்லை. எல்லாரும் எழுந்து நடமாடிய பிறகு இவள் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தாள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அண்ணனுக்கு வயிறு ஊத ஆரம்பித்தது. கை கால் குச்சியாகிவிட்டது, வயிறு மட்டும் பானை மாதிரி. கண்ணில் மஞ்சள். மதுரைக்குக் கொண்டுபோனோம். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். "குடிப்பாரா?" என்று கேட்ட டாக்டரிடம் மதினி, "கள்ளுகூடத் தொட மாட்டாக அய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். குடிக்காதவனுக்கு ஏன் ஈரல் சுருங்கியது என்று எங்களுக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எனக்கே அவ்வளவு தெரியாது.

வீட்டில் கிடந்த கடைசி மாதங்களில் மதினி ஒரு காரியம் செய்தாள். அண்ணன் சாப்பிட்டு மிச்சம் வைத்த கஞ்சியை, அவர் தட்டிலேயே, அவர் வைத்த எச்சிலோடு, வழித்துக் குடித்தாள். அவர் துண்டைத் துவைக்காமல் தானே போர்த்திக்கொண்டாள். நான் கத்தினேன்.

"என்ன மதினி இது, நர்ஸு வீட்டுல? தனித்தட்டு வையி!"

"சோத்த வீணாக்கலாமா தாயி?" என்றாள். அவ்வளவுதான் பதில்.

புருசன்மேல் அம்புட்டுப் பாசம் போல என்று நானும் விட்டுவிட்டேன். அண்ணன் போன அன்று, பிணத்தை வெளியே எடுக்குமுன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு போட்ட ஒப்பாரி இன்னும் என் காதில் இருக்கிறது. ஒப்பாரி சாவுக்கு. அதன் ஒவ்வொரு அடியும் மதினிக்கு. மஞ்சளோடு வந்தாளே, எம்மகன மஞ்சளாக்கி அனுப்பிட்டாளே என்று. சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவளுக்கு வந்தது, பிறகு அவனுக்கு வந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்!

அதற்குப் பிறகுதான் பொய்க்காய்ச்சல் ஆரம்பித்தது.

தாலியறுத்தவள் திடமாக நடமாடினால் எங்க ஊர்க் கண்ணுக்கு ஆகாது. அதுவும் அம்மா கண்ணுக்கு! "கட்டுனவனத் தூக்கிக் குடுத்துட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கா பாரு. ஒரு தலைவலி உண்டா, ஒரு தும்மல் உண்டா?" என்பாள். இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் மதினி மேலுக்குச் சரியில்லை என்று படுக்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பாவம், இந்த வீட்டில் கொஞ்சம் இரக்கம் வாங்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான் என்று. அப்படியும் இரக்கம் கிடைக்கவில்லை. "கல்லுக்கு என்னடி காய்ச்சல்?" என்று அம்மா அதையும் ஒரு வரியில் முடித்துவிடுவாள்.

இருந்தும் அவளை விட்டு மதினி போகவில்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள். "அத்தையத் தனியா விட்டுட்டு எங்கன போக?" என்றாள். ஒரே மகளை வளர்த்து, ராமநாதபுரத்திலேயே கட்டிக்கொடுத்தாள். நல்ல மாப்பிள்ளை, தங்கமான குணம்.

அண்ணன் மகள் தலைப்பிள்ளை உண்டானபோது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். எல்லாரையும் போல அவளுக்கும் ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த தாளை இரண்டு தரம் படித்தேன். பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் இருக்கிறது. கண்ணில் மஞ்சள் கிடையாது, உடம்பில் ஒரு நோவு கிடையாது, பிள்ளை தளதளவென்று இருக்கிறாள். ஆனால் கிருமி உள்ளே குடியிருக்கிறது. பிரசவத்தில் அது குழந்தைக்குப் போய்விடும். குழந்தையிலேயே வந்தால் அநேகமாகப் போகாது, காலத்துக்கும் தங்கிவிடும்.

டாக்டரம்மா, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பார்த்தோம், ஒன்றுமில்லை, அன்றைக்கே தடுப்பூசி போட்டோம். எனக்கு, மதினிக்கு எடுத்தோம். அம்மாவிடம் சர்க்கரை பார்க்க என்று சொல்லி எடுத்தேன். விசயம் எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அப்பனுக்குக் குடுத்தது பத்தாதுன்னு பெத்த மகளுக்கும் குடுத்திருக்கா. பேரன் பேத்தியாச்சும் தப்பணும் சாமி. அவ பிள்ளையத் தொடவே கூடாது, சொல்லிட்டேன்" என்று முழங்கினாள். மதினி அன்றைக்கு உண்மையாகவே படுத்துவிட்டாள். அப்போதும் உடம்பு சில்லென்றுதான் இருந்தது.

முடிவுகள் வந்தன. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். மதினி ரத்தத்தில் கிருமி இல்லை. எப்போதோ வந்திருக்கிறது, உடம்பு அதை அடித்து விரட்டிவிட்டது. விரட்டியதற்கான தடமும் எதிர்ப்புச் சக்தியும் இன்றைக்கும் ரத்தத்தில் இருக்கின்றன. எனக்கும் அதே மாதிரி, வந்து போன தடம் மட்டும். கிருமியைச் சுமந்துகொண்டிருப்பது எங்கம்மா. அவளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எழுபதைத் தாண்டியும் ஈரல் கல் மாதிரி இருக்கிறது. அநேகமாகப் பிரசவத்திலேயே அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறாள். அண்ணன் அதைத் தெரியாமலே வளர்த்து, தெரியாமலே பெண்சாதிக்குக் கொடுத்து, அதிலேயே போய்விட்டார். மகளுக்குச் சின்ன வயசில் அப்பனிடமிருந்தோ அப்பத்தாவிடமிருந்தோ ஏதோ காயம் வழியாகப் போயிருக்கும்.

"ஒரே கிருமி டாக்டர். எங்கம்மாவுக்கு ஒண்ணும் பண்ணல, அண்ணனக் கொன்னுருச்சு, என்கிட்ட நிக்கவே இல்ல. நானும் அதே வயித்துல பொறந்தவதானே?"

"பிறக்கும்போதே வந்ததா, வளர்ந்தப்புறம் வந்ததாங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, அப்பா அம்மாகிட்டருந்து வர்ற ஜீன். உள்ள வந்த கிருமிய நம்ம எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் காட்டுறதே அதுல ஒரு கூட்டம்தான். அது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், கூடப்பொறந்தவங்களுக்குள்ளயே வித்தியாசப்படும். அது மட்டுந்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன். இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க" என்றார்.

நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மாவின் முன்னால் நின்று, 'யாருடி ஒட்டுவாரொட்டி?' என்று கேட்டிருப்பேன். பெற்ற தாயென்றும் பார்த்திருக்க மாட்டேன்.

மதினி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய், சிவப்புப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. காலால் துழாவித் துழாவிப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தூரத்தில் வேப்பமரத்தடியில் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். நான் மதினியின் கையைப் பிடித்து இழுத்து, முந்தானையை விலக்கி, அந்தச் சூட்டுத் தழும்பைத் தொட்டேன்.

"மதினி, இந்தச் சூடு போட்டாகல்ல, அப்ப உனக்குள்ள அந்தக் கிருமி வந்திருக்கு. கண்ணு மஞ்சளானது நீ தோத்ததால இல்ல. உள்ள உன் உடம்பு அதோட மல்லுக்கட்டுனதால. நீ ஜெயிச்சுட்ட. அப்பவே அது ஓடிப்போச்சு. உங்கிட்டருந்து யாருக்கும் போகல."

மதினிக்குப் புரியவில்லை. நான் வீட்டு நாயைக் காட்டிச் சொன்னேன். ஒவ்வொரு உடம்புக்குள்ளும் காவலுக்கு ஒரு நாய் இருக்கிறது, களவாணி வந்தால் மோப்பம் பிடித்துக் குலைக்கணும். சிலருக்கு மோப்பம் ஜாஸ்தி, சிலருக்குக் குறைச்சல், அது பிறவியிலேயே வருவது. பச்சைப்பிள்ளையாக இருக்கும்போது களவாணி வந்தால், அது நாய்க்குட்டி, வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். பிறகு அவனை வீட்டு ஆளாகவே நினைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு அப்படி. உன் நாய் குலைத்துத் தெருவையே எழுப்பிவிட்டது.

"உடம்பு வாகுங்கிற."

"ஆமா, வாகுதான்."

காலால் இன்னொரு தடவை மிளகாயைப் புரட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவுகளுக்கு நான் குடுக்கலையா?"

"இல்லத்தா. அவருதான் உனக்குக் குடுத்தது."

மதினி அப்படியே மிளகாய்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அண்ணன் செத்த அன்றுகூட வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு நின்றவள். அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்து அழுதாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைக்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தேன் குடுத்தேன்னு நெனச்சேன் தாயி. இத்தன வருசமா. அவுகளுக்குக் குடுத்தது எனக்கும் திரும்பி வரணும்னுதேன் அந்த எச்சிக் கஞ்சியக் குடிச்சேன். அந்தத் துண்டப் போத்துனேன். வரல. படுத்துப் பாத்தா வந்துரும்னு படுத்துப் படுத்துப் பாத்தேன். நீ தெர்மாமீட்டர வச்சு வச்சு, இல்ல இல்லன்னே சொல்லிட்டே."

நர்ஸாம் நர்ஸு! நெற்றிப் பற்றைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன், இவள் எதற்காகத் தவம் கிடந்தாள் என்று கேட்கத் தெரியவில்லை எனக்கு. நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

அழுது முடிந்ததும் அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"சரி. அவுகளுக்கு யாருகிட்டருந்து வந்துச்சு?"

நான் வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அம்மா ஒரு கோழியை வம்சத்தோடு திட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பப் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று நான் எழுந்தேன்.

மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கிழிந்திருக்கும், அவ்வளவு வேகம்.

"நில்லு. சொல்லக்கூடாது."

"ஏன்? உன்ன என்னவெல்லாம் பேசுச்சு?"

"நம்ம மனுசர நாந்தேன் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கிறது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். கட்டுன நானே செத்துச் செத்துப் பொழச்சேன். பெத்தவ தாங்குவாளா? நாலே நாள்ல போயிரும் அந்த உசுரு."

"அதுக்காக நீ ஒட்டுவாரொட்டியாவே இருக்கப் போறியா?"

"சொல்லிட்டுப் போகட்டும். எனக்குத்தேன் எதுவும் ஒட்டாதுன்னு ரத்தத்துலயே இருக்குங்கிறியே" என்றாள். சொல்லிவிட்டு அழுத கண்ணோடு சிரித்தாள் பாருங்கள், எனக்கு அவளை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அம்மாவுக்கு வருசத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் மட்டும் நானே கூட்டிப்போய் எடுத்தேன். சர்க்கரைக்கு என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரசவமாகிப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் சீனித்தண்ணியோடு வார்டு வாசலில் நின்றாள், சேனை வைக்கணுமாம். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணமும் வாகும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆளைப் பொறுக்கித்தான் வைக்கச் சொல்வார்கள். சேனைக்கிண்ணங்களைப் பிடுங்கி வாஷ்பேசினில் ஊற்றுவதே என் ஆயுள்வேலை. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று நின்று சண்டை போடுவேன். அன்றைக்கும் பிடுங்கினேன்.

"நான் வைக்காம வேற யாரு வைப்பா? அந்த ஒட்டுவாரொட்டியா?" என்றாள் அம்மா.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மதினி சுவரோரம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

குழந்தைக்கு அன்றே இரண்டு ஊசி போட வேண்டும், தொடைக்கு ஒன்று. ஒன்று தடுப்பூசி. இன்னொன்று மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. மருந்தை ஏற்றிக்கொண்டே நான் உரக்கச் சொன்னேன்:

"பிள்ளையப் பிடிக்கத் திடமான கை வேணும். மதினி, இங்கன வா."

"அவளா?" என்று அம்மா பாய்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள நான் சொல்றதுதான் சட்டம். தள்ளி நில்லும்மா."

மதினி வந்தாள். பேத்தியின் இரண்டு காலையும் பூவைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். அவள் காதோடு நான் சொன்னேன்: "முதல் ஊசி, நாய்க்குட்டிக்குக் களவாணிய அடையாளம் காட்டிக் குடுக்கிறது. ரெண்டாவது, இந்தக் கிருமியோட எதிர்ப்பு ரத்தத்துல நெறைய இருக்கிற ஆளுககிட்டருந்து எடுத்தது. உன்ன மாதிரி ஒருத்தி எங்கேயோ இருந்து குடுத்திருக்கா. நல்லாப் பாத்துக்க, இதுதேன் சேனை."

குழந்தை வீல் என்று கத்தியது. மதினி அதை மார்போடு அணைத்து, "கத்துடி, நல்லாக் கத்து. தெருவே எந்திரிக்கட்டும்" என்றாள்.

அடுத்தடுத்த ஊசிகளையும் காலம் தவறாமல் போட்டோம். ஒரு வருசம் கழித்துக் குழந்தைக்கு ரத்தம் பார்த்தபோது கிருமி இல்லை. நான் பார்க்காத நேரம் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் பிள்ளை நாக்கில் தொட்டுவிட்டதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எஞ்சேனை! அதான் பிள்ளை கல்லாட்டம் இருக்கு" என்பாள். மதினி பக்கத்திலேயே நின்று, "ஆமா அத்தை" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

களத்தில் அழுத அன்றைக்குப் பிறகு மதினி காய்ச்சல் என்று படுக்கவில்லை. அவசியம் இல்லாமல் போய்விட்டது. நானும் தெர்மாமீட்டரைப் பையில் கொண்டுபோவதை விட்டுவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். ஆனால் விளிம்பு வெட்டுப்பட்ட அந்தத் தம்ளர் மட்டும் அப்படியே அலமாரியில் இருந்தது, அவளும் அதிலேயே குடித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் உள்ளறையில் இரண்டு பாய். ஒன்றில் அம்மா. இன்னொன்றில் மதினி. நெற்றியில் சுக்குப் பற்று, தலையில் ஈரத்துண்டு, முனகல். பழைய கச்சேரி!

"ஒருத்தியாக் கெடந்து அனத்துறேன்னு பாத்தா, அவளுக்கும்தாண்டி கொதிக்குது. வச்சுப் பாரு" என்றாள் அம்மா. அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

அம்மாவுக்கு நூற்றிரண்டு. துடைத்துவிட்டு மதினியின் நாக்குக்கடியில் வைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தொண்ணூற்றெட்டு சொச்சம்.

"நூத்திரெண்டு" என்றேன்.

மதினியின் கண் மூடிக்கொண்டது.

"பாத்தியா! காலையிலருந்து அவ பச்சைத்தண்ணி குடிக்கல. அந்தா கஞ்சி இருக்கு, ஊத்திக் குடு" என்றாள் அம்மா.

நான் அலமாரிக்குப் போய் வெட்டுப்பட்ட தம்ளரைத் துழாவினேன்.

"அத என்னத்துக்குத் தேடுற?" அம்மா தலைமாட்டிலிருந்து தன் தம்ளரை எடுத்து நீட்டினாள். "இதுலயே குடு. எல்லாம் ஒரே காய்ச்சல்தேன்."

கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். மதினி எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கினாள். வழக்கம்போல அண்ணாந்து குடிக்கத் தலையைத் தூக்கினாள்.

"தொண்டை நோகும்டி," என்றாள் அம்மா, "வாய் வச்சே குடி."

மதினி வாய் வைத்துக் குடித்தாள்.